பீரங்கியும் அமானிதமும்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து, மண்டபத்து வாயிலில் தேநீர் அருந்தியபடி நின்றிருந்தோம். கற்றறிந்த நண்பர் ஒருவர் பேச்சினூடே சொன்னார்: “போஃபர்ஸ், போஃபர்ஸ் என்று நாடே கூச்சலிட்டதே! கடைசியில் கார்கில் மலையில் நம் மானத்தைக் காத்தது அந்தப் பீரங்கிதானே? அறுபத்து நான்கு கோடி போனால் போகட்டும். சரக்கு நல்ல சரக்கா இல்லையா, அதைச் சொல்லுங்கள்!” சுற்றி நின்றவர்கள் சிரித்துத் தலையசைத்தனர். அவர்களிற் பலர் வியாபாரிகள், ஐவேளையும் தொழுபவர்கள், தராசுத் தட்டில் குன்றிமணி எடை குறைந்தாலும் மறுமையில் பதில் சொல்லவேண்டும் என்று அஞ்சுகிறவர்கள். நண்பர் பேசியதைவிட அவர்கள் தலையசைத்ததுதான் என்னை எழுதத் தூண்டிற்று.

பீரங்கியைப் பற்றி எழுத இந்த ஏடா கிடைத்தது என்று சிலர் கேட்கக்கூடும். ‘பீரங்கி’ என்ற சொல்லே நம்முடையதன்று. ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது அது. ‘பறங்கி’ அதன் உடன்பிறப்பு. கொண்டுவந்தவன் பெயரையே ஆயுதத்துக்கு இட்டு அழைத்தோம். 1538ஆம் ஆண்டில் இராமநாதபுரக் கடற்கரையில், வேதாளையில், மரைக்காயர்களின் கப்பற்படை போர்த்துக்கீசியரிடம் தோல்வியுற்றது. கடலோர ஊர்களின் வழித்தோன்றல்களுக்கு இது அந்நியச் செய்தியாக இருக்க நியாயமில்லை. போகட்டும், பழங்கதை வேண்டாம் என்றாலும், இன்று வாங்கப்படும் ஒவ்வொரு பீரங்கிக்கும் நாமும் வரி கொடுக்கிறோம். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது நம் கடைத்தெருவின் பழக்கந்தானே!

கணக்கைப் பார்ப்போம். 1986 மார்ச் 24ஆம் நாள், சுவீடன் நாட்டுப் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 155 மி.மீ. பீரங்கிகள் 410 வாங்க இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. விலை ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய். அதற்குமுன் இராணுவத்தார் பிரெஞ்சுக் கம்பெனியான சோஃப்மாவின் பீரங்கிக்கே முதலிடம் தந்து வந்தனர். அந்த ஆண்டு பிப்ரவரியில், ஜெனரல் சுந்தர்ஜி தளபதியாக இருக்கையில், முதலிடம் போஃபர்ஸுக்கு மாறிற்று. பாய்ந்து வரும் குண்டின் தடத்தைக் கொண்டு பீரங்கி நிற்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கும் ராடார் பாகிஸ்தானின் கைக்கு வந்துவிட்டது. ஆகவே சுட்டவுடன் தன் சொந்த எஞ்சினால் இடம் பெயரும் பீரங்கியே வேண்டும் என்று காரணம் கூறப்பட்டது. அந்தக் காரணத்தில் உண்மை இருந்தது. அதை மறுப்பதற்கில்லை.

இடைத்தரகர் எவரும் கூடாது என்பது அரசு விதித்த நிபந்தனை. 1987 ஏப்ரல் 16ஆம் நாள் சுவீடன் வானொலி, இந்தப் பேரத்துக்காக லஞ்சம் கைமாறியது என்று அறிவித்தது. அந்நாட்டுத் தணிக்கைத் துறையும் பணம் கொடுக்கப்பட்டதை அதே ஆண்டில் உறுதி செய்தது. பழைய முகவர்களோடு கணக்கு முடித்த செலவு அது என்று கம்பெனி விளக்கம் கூறிற்று! சென்னையிலிருந்து வெளிவரும் ‘இந்து’ நாளேடு 1988இல் ஆவணங்களை வெளியிட்டது. பாராளுமன்றக் கூட்டுக்குழுவோ அதே ஆண்டில் குற்றம் ஏதுமில்லை என்ற வகையில் அறிக்கை தந்து ஒதுங்கியது. அக்குழுவில் மறுப்புரை எழுதிக் கொடுத்தவர் நம் தமிழகத்து உறுப்பினர் ஆலடி அருணா. ஆளுங்கட்சிக்குத் தோழமையான கட்சியிலிருந்துகொண்டே அதைச் செய்தார் என்பதை மறக்கலாகாது. பிறகு நடந்ததை அறிவீர்கள். 2004இலும் 2005இலும் டில்லி உயர்நீதிமன்றம் லஞ்சக் குற்றச்சாட்டுகளைத் தள்ளியது; 2011இல் குவாத்ரோச்சி வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ராஜீவ் காந்தி பணம் பெற்றதற்குச் சான்றில்லை என்று, விசாரணை நடத்திய சுவீடன் காவல் அதிகாரியே 2012இல் கூறினார். எனவே எவர்மீதும் சேறு வாரி இறைக்க நான் வரவில்லை. பணம் கொடுக்கப்பட்டது, பெற்றதற்காக இந்த நாட்டில் ஒருவரும் தண்டனை அடையவில்லை. இவ்வளவே என் கையிலுள்ள கணக்கு.

தரகு நமக்குப் புதிதன்று. மாட்டுத்தாவணியிலும் தோல் மண்டியிலும் தரகர் உண்டு. வாங்குபவனும் விற்பவனும் அறிய, வெளிச்சத்தில், அவர் தம் கூலியைப் பெறுகிறார்; அதிற் குற்றமில்லை. வாங்குபவனுடைய ஆளுக்கே விற்பவன் மறைவில் கொடுப்பது தரகு அன்று. அதை மார்க்கம் என்ன பெயரிட்டு அழைக்கிறது என்பதை மதரஸாவில் ஓதும் பிள்ளையும் சொல்லும். நண்பரை ஒன்று கேட்கிறேன். தங்கள் கடைக்குக் கொள்முதலுக்குப் போகும் சிப்பந்தி, மண்டிக்காரரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு நல்ல அரிசியையே கொண்டுவந்து இறக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி நல்ல அரிசிதானே என்று சாவியை அவனிடமே விட்டுவைப்பீர்களா?

‘சரக்கு நல்ல சரக்கு’ என்பதை நான் மறுக்கவில்லை என்றேன். 1999இல் திராஸ், தோலோலிங், டைகர் ஹில் முகடுகளில் போஃபர்ஸ் பீரங்கிகள் செய்த வேலையை எவரும் மறுக்க முடியாது. அந்தப் போரில் பீரங்கிப் படை வீசிய குண்டுகளும் ராக்கெட்டுகளும் இரண்டரை லட்சத்துக்கும் மேல். மலையுச்சியில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு சமவெளியிற் போவதைவிடத் தொலைவாகப் பாயும். சமவெளிக் கணக்கு அங்கே பிழைத்துப் போகும். அத்தனையும் சமாளித்து, செங்குத்தாய் ஏறிக்கொண்டிருந்த காலாட்படைக்கு வழி திறந்து கொடுத்தனர் பீரங்கி வீரர்கள். ஆனால் அதே போரின் நடுவில்தான், தளபதி மாலிக், கையிருப்பதைக் கொண்டே போரிடுவோம் என்று நாட்டுக்குச் சொல்ல நேர்ந்தது. ஒரு தளபதி வாயிலிருந்து அச்சொல் ஏன் வந்தது? அங்கேதான் நண்பரின் கணக்குப் பிழைபடுகிறது. போனது அறுபத்து நான்கு கோடி மட்டும் என்று அவர் எண்ணுகிறார். போனது முப்பது ஆண்டு.

போஃபர்ஸ் ஒப்பந்தத்திலேயே, பீரங்கியை நம் நாட்டில் செய்துகொள்ளும் உரிமை இருந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் வரைபடங்களும் குறிப்புகளும் வந்து சேர்ந்தன. ஊழல் என்ற சொல் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அவற்றைத் தொட எவருக்கும் துணிவு வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய அறிவு தூசு படிந்து கிடந்தது. கார்கிலுக்கும் பிறகு, பத்தாண்டுக்கு மேல் கழிந்தல்லவா அந்த ஏடுகளைப் பிரித்து, ஜபல்பூர்த் தொழிற்சாலையில் ‘தனுஷ்’ செய்யத் தொடங்கினார்கள்! முதல் ஆறு தனுஷ் பீரங்கிகள் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது 2019 ஏப்ரலில்.

இடைப்பட்ட காலத்தில் வாங்க முயலாமல் இல்லை. 1999இல், மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான புதிய பீரங்கிகளுக்குத் திட்டம் தீட்டினர். 2002 முதல் இழுவைப் பீரங்கிகளுக்குச் சுற்றுச் சுற்றாய்ச் சோதனை நடத்தினர். இஸ்ரேலின் சோல்டாம், தென்னாப்பிரிக்காவின் டெனல், மீண்டும் அதே போஃபர்ஸ் என்று வந்து சுட்டுக் காட்டினார்கள். 2005இல் டெனல் கறுப்புப் பட்டியலில் ஏறியது. நம் ஆவடியில், அர்ஜுன் டாங்கியின் உடலில் டெனலின் பீரங்கியைப் பொருத்தி உருவாக்கி வந்த ‘பீம்’ என்ற ஊர்தியும் அத்தோடு நின்றுபோயிற்று. ஓடிக்கொண்டே சுடும் படையோடு செல்லத்தக்க அத்தகைய பீரங்கிக்கு, கொரியா நாட்டு வடிவில் ‘வஜ்ரா’ என்ற பெயரோடு, 2017இல்தான் ஒப்பந்தம் ஆனது. 2009இல் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் லஞ்ச வழக்கிற் கைதானார். அதன் தொடர்ச்சியாக சிங்கப்பூர்க் கம்பெனி உட்பட ஆறு நிறுவனங்களுக்கு 2012இல் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. இரண்டு பேர் போட்டியில் ஒருவர் விலக்கப்பட்டால் மிஞ்சுவது ஒருவர். ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு வாங்க விதி இடந்தராது. ஆகவே டெண்டர் ரத்து! மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி பொக்ரான் பாலை, மறுபடி மலைக்குளிர்.

கடைசியில், அமெரிக்க அரசோடு நம் அரசே நேராகப் பேசி, 145 இலகுப் பீரங்கிகளுக்கு 2016 நவம்பரில் ஒப்பந்தம் செய்தது. முதலிரண்டு 2017 மே மாதம் வந்திறங்கின. போஃபர்ஸுக்குப் பின் இந்திய இராணுவம் பெற்ற முதற் புதிய 155 மி.மீ. பீரங்கிகள் அவையே. 1987இல் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது முப்பது.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் கேட்க வேண்டியிருக்கிறது. கறை படியாத கையர் என்று நாம் போற்றிய அமைச்சர்களும் அதிகாரிகளும் இந்த முப்பதாண்டில் பலர் வந்து போனார்கள். அவர்களுடைய நேர்மையை ஐயுறவில்லை. ஆனால் கையெழுத்திட்டால் நாளை வழக்கு வரும், இடாவிட்டால் நல்ல பெயர் நிலைக்கும் என்ற நிலையில், கோப்பைத் திருப்பி அனுப்புவது நேர்மையா, தற்காப்பா? அமானிதமாய் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருடாதிருப்பது பாதிக் கடமை. உரியவனிடம் உரிய காலத்தில் சேர்ப்பது மறுபாதி. எத்தீமின் சொத்துக்குப் பொறுப்பேற்றவர், ‘நான் ஒரு காசும் தொடவில்லை’ என்று சொல்லிக்கொண்டே அவன் வீடு இடிந்து விழுவதைப் பார்த்திருந்தால், ஜமாஅத்தார் அவரைப் பாராட்டுவார்களா? தடையே கூடாது என்பது என் வாதமன்று. லஞ்சம் கொடுத்த கம்பெனியிடம் அபராதம் கறக்கட்டும். கொடுத்த தொகையை விலையிற் கழிக்கட்டும். வாங்கியவனைச் சிறையில் அடைக்கட்டும். நடந்தது என்ன? வாங்கியவன் தப்பினான், எல்லையில் நின்ற சிப்பாய் பழைய பீரங்கியோடு தண்டனை அனுபவித்தான்.

குண்டுகளின் கதையும் இதுதான். 2016 செப்டம்பர் நிலவரப்படி, 152 வகைத் தளவாடங்களில் 61 வகை, பத்து நாள் போருக்கே போதுமான அளவில் இருந்தன என்று தலைமைத் தணிக்கையாளர் 2017இல் அறிக்கை தந்தார். கார்கில் நடந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின் இந்த நிலை!

சோதனைக்கு வருகிறேன். ஏட்டில் எழுதிய வாக்குறுதியைப் பீரங்கி பொக்ரான் மணலில், கோடை வெயிலில், நிறைவேற்றிக் காட்டவேண்டும். பிறகு சிக்கிம் பனியில் அதையே மறுபடி காட்டவேண்டும். நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட குண்டைக் காத வழிக்கப்பால் எறியும் வெடிமருந்தின் அழுத்தம் முழுவதும் அந்தக் குழலுக்குள் அடங்கி நிற்கிறது. இரும்பில் ஒரு மயிரிழைக் குறை இருந்தாலும், குண்டில் ஒரு குறை இருந்தாலும், அது அருகில் நிற்பவர்மீது வெடிக்கும். 2013இல் தனுஷின் குழல் சோதனையில் வெடித்தது. 2017 செப்டம்பரில் அமெரிக்கப் பீரங்கியின் குழலும் பொக்ரானில் வெடித்தது. 2020 செப்டம்பரில், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த புதிய பீரங்கியின் குழல் வெடித்து நால்வர் காயமுற்றனர். ஒவ்வொரு முறையும் குழல் செய்தவர் குண்டைக் குறை சொல்வார். குண்டு செய்தவர் குழலைக் குறை சொல்வார். சோதனையில் வெடிப்பது வெட்கமன்று, அதற்காகத்தான் சோதனை. வெடித்த காரணத்தை மூடி வைப்பதுதான் வெட்கம்.

2017இல் வந்த ஒரு செய்தியை நம் வியாபாரப் பெருமக்கள் இருமுறை படிக்க வேண்டும். தனுஷ் பீரங்கிக்குத் தேவையான பேரிங்குகளை ‘ஜெர்மனியிற் செய்தவை’ என்று முத்திரை குத்தி, சீனத்தில் செய்தவற்றை ஒரு வணிக நிறுவனம் தந்துவிட்டது என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், குற்றச்சாட்டின் வடிவத்தைப் பாருங்கள். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. மதீனத்துச் சந்தையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) கண்டித்த செய்தி நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். மறைத்து வைத்த ஈரத் தானியத்துக்கும், முத்திரை மாற்றிய பேரிங்குக்கும் என்ன வேற்றுமை? இரண்டாவதில் ஆள் செத்துப் போவான், அவ்வளவே. ‘சரக்கு நல்ல சரக்கா’ என்று கேட்ட நண்பர் இங்கேயாவது சற்று நிற்பார் என்று நம்புகிறேன். மேலே கமிஷனைப் ‘போகட்டும்’ என்று விட்ட இடத்தில், கீழே முத்திரை மாற்றுகிறவனுக்கு யார் அச்சம் ஊட்டுவது?

பிரிகேடியர் முஹம்மது உஸ்மான், 1948 ஜூலை 3ஆம் நாள் காஷ்மீரின் ஜாங்கர் என்னுமிடத்தில், எதிரியின் பீரங்கிக் குண்டு பட்டு மறைந்தார். டில்லியில் ஜாமிஆ மில்லியா அடக்கத்தலத்தில் துயில்கிறார். தையற்காரர் மகனான அப்துல் ஹமீத், 1965 செப்டம்பரில் கேம்கரன் கரும்புத் தோட்டங்களுக்கிடையே, ஜீப்பில் பொருத்திய துப்பாக்கி ஒன்றைக் கொண்டு பாட்டன் டாங்கிகளை உடைத்து அங்கேயே உயிர் நீத்தார். நம் நாட்டுப்பற்றுக்குச் சான்று காட்ட இவர்களை நான் அழைக்கவில்லை; அந்தச் சான்றைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. பீரங்கியின் முன்னும் பின்னும் நிற்பவன் பெயர் உள்ள மனிதன், ஒரு வீட்டின் பிள்ளை என்பதற்காகச் சொன்னேன். அவன் கையிற் கொடுக்கும் கருவியில் பொய் கலந்திருக்கலாமா?

2025 மார்ச்சில், நம் நாட்டிலேயே வடிவமைத்த 307 பீரங்கிகளுக்கு, அவற்றை இழுக்கும் வண்டிகளோடு சேர்த்து, ஏறத்தாழ 6,900 கோடி ரூபாய்க்கு இரண்டு இந்தியக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 2013இல் தொடங்கிய முயற்சி பன்னிரண்டு ஆண்டில் கனிந்தது, மகிழ்ச்சியே. சுதேசிச் சரக்கு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லாதீர்கள். குழல் வெடித்த ஒவ்வொரு நிகழ்ச்சியின் விசாரணை முடிவும் பாராளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு பேரிங்கும் எந்த ஆலையில் பிறந்தது என்பதை, முத்திரையை நம்பாமல், அறுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். தவறு செய்த கம்பெனியின் வழக்கு, அடுத்த பீரங்கி வாங்குவதற்கு முன்னரே தீர்ப்புப் பெறவேண்டும். இவற்றை நம் தொகுதி உறுப்பினர்களிடம் கேட்டு ஆளுக்கொரு கடிதம் எழுதலாம். அடுத்த கூட்டத்துக்கு நண்பர் வரும்போது, அவருடைய கையெழுத்தையும் அதில் வாங்கிவிட எண்ணியிருக்கிறேன்.