ஆண்மைக்கான ஊசி, குழந்தைக்குத் தடை

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும், குழந்தையும் பிறக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வு 1990-இல் வெளியானது. ஏழு நாடுகளைச் சேர்ந்த ஆரோக்கியமான 271 ஆண்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். அவர்களில் 157 பேரின் விந்துவில் சில மாதங்களில் விந்தணுவே இல்லாமல் போனது. அடுத்த ஓராண்டு வேறு தடுப்பு எதுவும் இல்லாமல் இந்த ஊசியை மட்டும் நம்பியிருந்த அந்த ஆண்களின் துணைவியரில் ஒரே ஒருவர்தான் கருவுற்றார். ஆம், அது கருத்தடைக்கான ஆய்வு. அந்த வேலையை இவ்வளவு கச்சிதமாகச் செய்த மருந்தை, குழந்தைக்கு ஏங்கும் ஒருவருக்கு எழுதித் தருவது பெரும் தவறு.

காரணம் விந்தகத்துக்குள் இருக்கிறது. ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் அங்கே தேங்கியிருக்கும். அது செர்டோலி செல்களில் உள்ள ஏற்பியோடு சேர்ந்து, உட்கருவில் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. வளரும் விந்தணுக்கள் ஹார்மோனின் கட்டளையைத் தங்களைப் பேணும் இந்தச் செல்கள் வழியாகவே பெறுகின்றன. செர்டோலி செல்களில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளில் விந்தணு உற்பத்தி பாதியிலேயே நின்றுவிட்டதை 2004-இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். வெளியிலிருந்து ஊசி ஏறும்போது, ஹார்மோன் போதுமென்று மூளை எடுத்துக்கொள்கிறது. பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்தைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய ஹார்மோன்களைச் சுரப்பதைக் குறைத்துவிட, விந்தகத்தின் சொந்த உற்பத்தி படுத்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் அளவு நன்றாகவே தெரியும். அந்த அளவு விந்தணு உற்பத்திக்குப் போதாது.

ஊசியை நிறுத்தினால் சரியாகிவிடுமே என்பார்கள். பெரும்பாலும் சரியாகும்தான். கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறு மாதத்திலும், 90 சதவீதத்தினருக்கு ஓராண்டிலும் விந்தணு எண்ணிக்கை போதிய அளவுக்குத் திரும்பியது. ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே நல்ல எண்ணிக்கை கொண்டவர்கள். அளவோடு மருந்து பெற்றவர்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் கலவைகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மனைவியின் வயது ஏறிக்கொண்டிருக்கும்போது ஓராண்டு இழப்பும் சிறியதல்ல. உண்மையிலேயே ஹார்மோன் குறைந்தவர்களுக்குச் சிகிச்சை தேவை என்பதை மறுக்கவில்லை. குறை பிட்யூட்டரியில் என்றால், விந்தகத்தைத் தூண்டி விந்தணுவையும் மீட்கும் ஊசிகள் இருக்கின்றன. ஆகவே, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்காமல் எந்த மருத்துவரும் முதல் ஊசியை எழுதக் கூடாது. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களே, டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ களிம்போ பயன்படுத்தினால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.