பெயர் தெரியாத செடியும் திரும்பிய வளவும்

பல ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் தேடுவது மண்வெட்டியையும் கத்தியையும்தான். வளவு பற்றை பிடித்துக் கிடக்கும். வெட்டி எரித்துச் சுத்தமாக்கினால்தான் வீடு வந்த நிறைவு வரும். அந்த ஆசை எமக்கு விளங்குகிறது. ஆயினும் அந்த அவசரத்தை நாம் ஆதரிக்கவில்லை. (கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் செடி பார்க்கவும் போகக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

வேலியோரம் நிற்பதெல்லாம் களையல்ல. முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, முடக்கொத்தான் ஆகியவை ஆளில்லாத வளவிலும் தாமாகவே படர்ந்து நிற்கும். மழையோடு சாரணை முளைக்கும். கையிற் காசில்லாத முதல் மாதங்களில் ஒரு வறைக்கு இவை உதவும். முகாமிலே பிறந்த பிள்ளைக்கு இவற்றின் பெயர் தெரியாது. அது பிள்ளையின் குற்றமன்று; காட்டிக் கொடுக்க வளவு இருக்கவில்லை. ஆகவே கத்தி வைக்குமுன் வீட்டிலுள்ள ஆச்சியை வளவைச் சுற்றிக் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளைகளும் பின்னால் போகட்டும்.

கிழங்கில்தான் உயிராபத்து இருக்கிறது. கோடையில் இராசவள்ளியின் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். கார்த்திகைப் பூச் செடியும் அப்படியே. மண்ணைக் கொத்தும்போது இலையில்லாத கிழங்கொன்று வந்தால் எதுவென்று சொல்வது? கார்த்திகைக் கிழங்கு பெரும்பாலும் கலப்பை போல இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்ததே. ஆனால் உடைந்த துண்டு எந்தக் கிழங்கையும் போலத்தான் தோன்றும். உண்ணும் கிழங்கென்று எண்ணி இதை அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. இதிலுள்ள கொல்கிசின் என்னும் நஞ்சு அவித்தாலும் போகாது. சில மணித்தியாலம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். உண்டவுடன் ஒன்றும் செய்யவில்லையே என்று இருந்துவிடாமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எமது கருத்து இதுதான்: இலை காணாத கிழங்கை அடுப்பில் ஏற்றக்கூடாது. பிள்ளைகள் தொடாத ஒரு மூலையில் நட்டு, மாரி மழைக்கு முளைக்க விடுங்கள். இலையின் நுனி கம்பிபோல நீண்டு சுருண்டு எதையாவது பற்றினால் அது கார்த்திகை. அப்படியில்லாவிட்டாலும், அறிந்தவர் ஒருவர் கொடியைப் பார்த்துச் சொல்லும்வரை உண்ணவேண்டாம். பசியுள்ள வீட்டுக்கு இது கடினமான புத்திமதி என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

ஆச்சிக்கும் தெரியாத செடிகள் உண்டு. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அவர் சிறுமியாயிருந்த காலத்தில் எமது ஊர்களில் இருக்கவில்லை. கரட் இலை போன்ற இலை, சிறு வெள்ளைப் பூ. பூ வடிவென்று சிலர் விட்டுவைக்கிறார்கள். ஒரு செடியே பல்லாயிரம் விதை சொரியும். சிலருக்குத் தோல் அரிப்பையும் தொய்வையும் கொண்டுவரும். இதற்கு மட்டும் பொறுமை வேண்டாம். பூக்குமுன், ஈர மண்ணில், கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கவேண்டும்.

இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொன்னவர்கள் ஏமாந்த கதையும் உண்டு. 1990களில் அவுஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் பலர், பொன்னாங்காணி என்று நம்பித் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து உண்டது தென் அமெரிக்க நீர்க்களை ஒன்றை. பொன்னாங்காணியின் பூ இலைக் கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மற்றதன் பூ நீண்ட காம்பில் நிற்கும். அந்தக் களை இப்போது எமது நாட்டிலும் இருக்கிறது.

ஆகவே விவசாயப் போதனாசிரியரிடம் போகும்போது ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேர், தண்டு, இலை, பூ, காய் இருந்தால் காயும் சேர முழுச் செடியையும் ஈரக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில் முளைத்தது என்பதையும் சொல்லுங்கள்.