கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அமானிதம்



நம் வீடுகளின் முன்கூடத்துச் சுவர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆயத்துல் குர்ஸி, மக்கா மதீனா ஹரம்களின் படங்கள், ஹஜ்ஜுக்குப் போய்வந்தோர் கொண்டுவந்த எழுத்தணி வேலைப்பாடுகள். இவற்றுக்கு நடுவே பல வீடுகளில், பாட்டனார் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதி முடித்துப் பெற்ற ஸனது, அல்லது முன்னோர் ஒருவர் அரபுத் தமிழில் கைப்பட எழுதிய ஒற்றைத் தாள். முதலில் சொன்னவை பழுதானால் கடையில் மீண்டும் வாங்கலாம். பின்னால் சொன்னவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆயினும் இரண்டையும் ஒரே விதமாகப் பிரேம் கடையில் கொடுத்து, ஒரே விதமாக வாங்கி வந்து மாட்டுகிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். (குர்ஆன் வசனங்களைச் சுவரில் மாட்டலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை.)

பிரேம் கடையில் நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம் முன்பக்கத்தை. பீடிங்கின் நிறம், அகலம், தங்க நிறப் பூச்சு வேண்டுமா வேண்டாமா என்று அரைமணி நேரம் பேசுகிறோம். தாளின் ஆயுளைத் தீர்மானிப்பதோ பின்பக்கம். அங்கே என்ன அட்டை வைக்கப்படுகிறது, தாள் எதனால் ஒட்டப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஆணி அடித்துப் பழுப்புத் தாள் ஒட்டி மூடிய பிறகு அதைத் திறந்து பார்ப்பவரும் இல்லை.

மலிவான அட்டைகளும் ஹார்டுபோர்டும் மரக்கூழிலிருந்து செய்யப்படுபவை. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அவற்றில் தங்கியிருக்கிறது. அது நாளடைவில் சிதைந்து அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலம் அட்டையோடு நின்றுவிடாமல், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாளுக்குள்ளும் ஏறும். தாள் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் விரல் பட்டாலே ஒடியும். வீட்டில் பழைய பிரேம் இருந்தால் படத்தைச் சுற்றியுள்ள மவுண்ட் அட்டையின் சரிவாக வெட்டப்பட்ட உள்விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக இருந்த அவ்விளிம்பு பழுப்பேறியிருந்தால் அந்த அட்டை அமில அட்டை. அதே அமிலம் உள்ளேயிருக்கும் தாளிலும் ஒரு பழுப்புக் கோடு போட்டிருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பருத்தி நாரால் ஆன மவுண்ட் அட்டைகள் உண்டு. லிக்னின் நீக்கி, கால்சியம் கார்பனேட் சேர்த்துக் காரத்தன்மை ஊட்டப்பட்ட அட்டைகளும் உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு ஸனதுக்குத் தேவைப்படுவது முன்னால் ஒரு மவுண்ட்டும் பின்னால் ஓர் அட்டையும் மட்டுமே.

அட்டையைவிடப் பெரிய கேடு ஒட்டுவது. தாள் சுருங்காமல் தட்டையாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதன் முதுகு முழுவதும் பெவிக்கால் பூசி அட்டையில் அழுத்திவிடுகிறார்கள். சற்று வசதியான கடைகளில் சூட்டில் ஒட்டும் தாளை இடையே வைத்து இயந்திரத்தில் அழுத்துகிறார்கள். கடையில் அச்சடித்து வாங்கிய படத்துக்கு இது பொருந்தும். பார்வைக்கும் நன்றாக இருக்கும். கையெழுத்துத் தாளுக்கோ இது மீளாத செயல். பிற்காலத்தில் பேரன் ஒருவன் அந்தத் தாளின் மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க விரும்பினால் அவனுக்கு வழியில்லை. ஈரப்பசை பட்டவுடன் கரைந்து பரவும் பழைய மைகளும் உண்டு. செலோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் தாளுக்குள் ஊறி, போகாத கறையாகிவிடும்.

தாள்களைப் பேணும் முறை அறிந்தவர்கள் செய்வது மிக எளியது. மேல்விளிம்பில் மட்டும், மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு கீல்கள் வைத்து, கோதுமை மாவுச்சத்துப் பசையால் பின்னட்டையில் தொங்கவிடுகிறார்கள். கீல் மூலத்தாளைவிட வலுக்குறைந்ததாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. பிரேம் கீழே விழுந்தால் கீல் கிழியட்டும், தாள் கிழியக்கூடாது. பசையோ தண்ணீரில் நனைத்தால் விட்டுவிடும்.

கண்ணாடியைப் பற்றியும் ஒன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். கண்ணாடி தாளை நேரே தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே படியும் ஈரம் தாளில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். புகைப்படமானால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் வைப்பது அழகுக்கு மட்டுமன்று, இந்த இடைவெளிக்காகவும்தான். புற ஊதாக் கதிர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கும் கண்ணாடிகள் இருக்கின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையை வெளுக்கச் செய்யும். அருங்காட்சியகங்களில் தாள்களுக்கு 50 லக்ஸ் அளவே ஒளி விடுவது வழக்கம். நம் முன்கூடத்தின் பகல் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே ஸனதின் நல்ல நகலொன்றைப் பிரேம் போட்டு மாட்டிவிட்டு, மூலத்தை அமிலமற்ற உறையில் அலமாரிக்குள் வைப்பதே சிறந்தது என்பது என் கருத்து. பிரேம் கடைக்காரர் இந்த யோசனையைத் தாமே சொன்னால் அவரை நான் நல்ல வியாபாரி என்பேன்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கவேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிரேமின் பின்புறத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! அந்த வியாபாரி நல்ல தானியத்தையும் விற்றார். குற்றம், ஈரம் கண்ணில் படாத இடத்தில் இருந்தது.

பிரேம் போடக் கொடுப்பது ஒரே வியாபாரம்போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. பிரேமைப் பொறுத்தவரை, அது செய்யச் சொல்லி வாங்கும் பொருள். ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் இஸ்திஸ்னாஃ என்று சொல்லும் ஒப்பந்தத்தின் இனம். அதில் பொருளின் வகை, அளவு, தன்மை முன்பே தெளிவாகியிருக்கவேண்டும். தாளைப் பொறுத்தவரை, அது நாம் அவர் கையில் ஒப்படைத்த அமானிதம். பலருக்கும் பொதுவாக வேலை செய்து தரும் கைவினைஞர், தம் கைவேலையால் பொருளைக் கெடுத்தால் ஈடு கொடுக்கவேண்டும் என்று அதே நூல்கள் கூறுகின்றன. மற்ற மத்ஹபுகளில் விவரம் வேறுபடும், ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆனால் பிரேமின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஸனதின் ஓரத்தைக் கத்தரிப்பது எந்த மத்ஹபிலும் நல்ல வேலையாகாது. அப்படிக் கத்தரிக்கப்பட்ட ஸனது ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உஸ்தாதின் முத்திரையில் பாதி இல்லை. வெட்டிய துண்டு குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். அதில் அல்லாஹ்வின் திருநாமம் இருந்ததா என்று யார் பார்த்தார்கள்?

விலை விஷயத்தில் கடைக்காரர்களுக்காகவும் பேசவேண்டும். பீடிங்கை ரன்னிங் அடிக் கணக்கில் விற்கிறார்கள். 12 அங்குலத்துக்கு 18 அங்குலப் படத்தின் சுற்றளவு 60 அங்குலம், அதாவது 5 அடி. ரசீதில் ஆறடிக்கு மேல் இருப்பதைக் கண்டு, அளவில் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போவோர் உண்டு. பீடிங் 2 அங்குல அகலம் என்றால் நான்கு மூலைகளையும் சரிவாக வெட்டிச் சேர்க்க, அகலத்தைப்போல எட்டு மடங்கு, 16 அங்குலம் கூடுதலாக வேண்டும். மொத்தம் 76 அங்குலம்; 6 அடி 4 அங்குலம். அறுப்புச் சேதாரம் தனி. இது நியாயமான கணக்கு. இதை ஒரு முறை விளக்கினால் எந்த வாடிக்கையாளரும் ஒப்புக்கொள்வார். விளக்காமல் எட்டடி என்று எழுதினால்தான், அளவில் குறைப்போரை எச்சரித்துத் தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் நினைவுக்கு வருகிறது. முழுக்கோலுக்கும் காசு வாங்கினால் மிச்சத் துண்டு வாடிக்கையாளருடையது. அவர் வேண்டாம் என்று விட்டுச்சென்றால் ஒழிய அது கடையின் சரக்காகாது.

பாலிஸ்டிரீன் பீடிங்கின் மேல் மரவரித் தாள் ஒட்டித் தேக்கு என்று விற்பதும் இதே இனம்தான். பாலிஸ்டிரீன் கெட்ட பொருளன்று. கறையான் அரிக்காது, விலை குறைவு. அதை அதன் பெயராலேயே விற்கலாமே.

பிரிட்டனில் ஃபைன் ஆர்ட் டிரேட் கில்ட் என்ற தொழிலமைப்பு பிரேம் வேலையை ஐந்து தரங்களாகப் பிரித்திருக்கிறது. அருங்காட்சியகத் தரம் முதலிடத்தில். குறைந்தபட்சத் தரம் கடைசியில். குறைந்த தரத்தில் செய்வதை அங்கே யாரும் பாவமாகக் கருதவில்லை. எந்தத் தரம் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே. நம் ஊர்க் கடைகளிலும் இதைச் செய்யலாம். பிரேமின் பின்னால் ஒரு சிறு சீட்டு: என்ன அட்டை, என்ன கண்ணாடி, எப்படி ஒட்டப்பட்டது, எந்தத் தேதி. சீட்டுக்குச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியைக் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இது கடினமாக இருக்காது.

நம் பங்கும் உண்டு. முன்பக்கத்துத் தங்கப் பூச்சுக்கு யோசிக்காமல் கொடுக்கும் காசை நல்ல அட்டைக்குக் கேட்டால் பேரம் பேசுகிறோம். மிகக் குறைந்த விலைக்கு நெருக்கினால் அவர் எங்கே குறைப்பார்? நமக்குத் தெரியாத இடத்தில்தான். கொடுக்கும்போதே, தாளை வெட்டக்கூடாது, முழுவதும் ஒட்டக்கூடாது, டேப் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே வீட்டிலிருக்கும் பழைய பிரேம்களை உடனே பிரிக்க முற்படவேண்டாம். முதலில் கண்ணாடிக்கு மேலாகவே தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்புறத்தைத் திறந்து, தாள் எங்கும் ஒட்டாமல் தானாக வந்தால் மட்டும் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே நிழலான இடத்தில் வைத்துவிட்டு, தாள்களைச் செப்பனிடத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.