குண்டு போடாத நாட்களில்...



"சார், சண்டையே நடக்காத வருஷத்தில் விமானப்படைக்கு என்ன வேலை?" இப்படி யாராவது ஒரு பையன் வகுப்பில் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான்.

1932 அக்டோபர் 8-ல் பிறந்த நம் இந்திய விமானப்படையின் முதல் கடமை, நாட்டின் வான் எல்லையைக் காப்பது. ஆனால், எல்லை அமைதியாக இருக்கும் நாளிலும் அது சும்மா இருப்பதில்லை.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப் போட்டது நினைவிருக்கிறதா? திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். அப்போது சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து போட்டது விமானப்படை ஹெலிகாப்டர். ஒரு கர்ப்பிணி உட்படச் சிலரை ஏற்றிக்கொண்டும் போனது. 2015 சென்னை வெள்ளத்திலும் மொட்டை மாடியிலிருந்து ஒரு கர்ப்பிணியை இப்படித்தான் தூக்கிக் காப்பாற்றினார்கள். அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது இந்தப் பக்கத்தைப் படிக்கும் வயது!

ஹெலிகாப்டர் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் என்று சொல்வது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே பலமாகத் தள்ளும். அந்த வேகத்தில் தகர ஷீட்டுகூடப் பறக்கும். சுற்றிலும் மின்கம்பி, தென்னை மரம், செல்போன் கோபுரம். விமானிக்கோ நேர் கீழே இருப்பது தெரியாது. கதவருகே இருக்கும் வீரர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் இடது, இன்னும் கீழே" என்று சொல்லச் சொல்ல, அவரை நம்பித்தான் விமானி ஓட்டுகிறார்.

வெள்ளத்துக்கு மட்டுமல்ல, நெருப்புக்கும் ஹெலிகாப்டர் உண்டு. 2024 மார்ச்சில் குன்னூர் பகுதிக் காட்டில் தீப்பிடித்தபோது, கோவை அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர் சென்றது. அடியில் ஒரு ராட்சத வாளி தொங்கும். நீர்த்தேக்கத்தில் மொண்டு, தீயின் மேல் கவிழ்க்க வேண்டியதுதான்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் இல்லாமல் நாடே தவித்தது. விமானப்படையின் பெரிய சரக்கு விமானங்கள் ஆக்சிஜன் டேங்கர்களைச் சுமந்தன. சிங்கப்பூரிலிருந்துகூடக் கொண்டுவந்தன. ஆனால், அத்தனையும் காலி டேங்கர்கள்! ஏன் தெரியுமா? திரவ ஆக்சிஜன் தீயை மிக வேகமாகப் பரவச் செய்யும். நிரப்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. அதனால், ஆலை இருக்கும் ஊருக்குக் காலி டேங்கரைப் பறந்து போய்ச் சேர்ப்பார்கள். நிரப்பியதும் சாலையிலோ ரயிலிலோ திரும்பும். ஒரு பக்கப் பயண நேரம் மிச்சம். அந்த நேரத்துக்குள் எத்தனையோ உயிர்கள் இருந்தன.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி காடுகளுக்குத் தேர்தல் அலுவலர்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விடுவதும் விமானப்படைதான். (நாங்களெல்லாம் வாக்குப்பெட்டியோடு லாரியில் குலுங்கிக்கொண்டு போனோம்!) 2023 பிப்ரவரியில் தென் ஆப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிப்புலிகளும் விமானப்படை விமானத்தில்தான் இந்தியா வந்தன.

இந்த வேலைகளிலும் உயிர் போகும். 2013 ஜூனில் உத்தரகாண்ட் வெள்ளத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் பேரை விமானப்படை மீட்டது. அதற்கிடையே, ஜூன் 25 அன்று கெளரிகுண்ட் அருகே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. விமானப்படையினர், பேரிடர் மீட்புப் படையினர், எல்லைக் காவல் படையினர் என 20 பேர் இறந்தனர். மற்ற ஹெலிகாப்டர்கள் பறப்பதை நிறுத்தவில்லை. 2004 சுனாமியில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளமே அலையில் சிக்கியது. வீரர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக நூறு பேருக்கு மேல் மாண்டனர். ஓடுபாதையில் தப்பிய பகுதியில்தான் நிவாரண விமானங்கள் வந்து இறங்கின.

உங்கள் ஊரில் வெள்ளம் வந்து, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்தால், செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மாடியில் காயும் துணி, பாய், குடை, பிளாஸ்டிக் ஷீட் எல்லாவற்றையும் முன்பே உள்ளே எடுத்துவிடுங்கள். கொடிக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்துங்கள். கயிறு கீழே வந்ததும் பாய்ந்து பிடிக்க வேண்டாம். மேலிருந்து கை காட்டும் வரை ஓரமாக உட்கார்ந்திருங்கள்.