கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு காகிதம்

நம்முடைய விளவங்கோடு பக்கத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத ஊர் குறைவு. அது நமக்குப் பெருமை. அந்தப் பெருமையை முன் அறை ஷோகேஸில் வைப்பதிலும் தப்பில்லை. பதக்கம் வைக்கலாம், பட்டாளத்துப் போட்டோ வைக்கலாம். ஆனால் சில வீடுகளில் பேரப்பிள்ளையின் கோப்பைக்கும் கல்ஃபிலிருந்து வந்த பீங்கான் பொம்மைக்கும் நடுவில் நாலு தோட்டாக்களும் பளபளவென்று நிற்கின்றன. இதைப் பற்றித்தான் கொஞ்சம் கடுமையாக எழுதப் போகிறேன். வருத்தப்படுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், "இதில் மருந்து உண்டா, இல்லையா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். "சாரே, அப்பா கொண்டு வந்தது. நாற்பது வருஷமா இங்கேதான் இருக்கு. இன்னைக்கு வரை ஒண்ணும் ஆகல்லியே!" என்றார்.

நான் கேட்டது மருந்தைப் பற்றி. அவர் சொன்ன பதில் வருஷத்தைப் பற்றி. வெடிமருந்துக்கு வருஷக் கணக்கு தெரியாது என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

நான் காரைக்காலில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். முதல் உலகப் போர்ப் பாடத்தில் எங்கள் வாத்தியார் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். 'தூய்' என்றால் சுட்டு முடிந்த வெற்று உறை. 'ஒபு' என்றால் மருந்து நிரம்பிய பீரங்கிக் குண்டு. அந்தப் போரில் சிப்பாய்கள் வெற்று உறைகளைத் தட்டிப் பூச்சாடி செய்தார்கள். அவை இன்றும் பிரான்ஸ் வீடுகளில் அழகுப் பொருளாக இருக்கின்றன. ஆனால் அதே போரின் வெடிக்காத குண்டுகள், நூறு வருஷம் கழிந்தும், வெர்தன் போன்ற இடங்களில் உழவர்களின் கலப்பையில் மாட்டுகின்றன. அவற்றை யாரும் ஷோகேஸில் வைப்பதில்லை. அரசாங்கத்தின் வெடிபொருள் நிபுணர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள்.

'எனக்கு இதெல்லாம் தெரியும், நான் பட்டாளத்துக்காரன்' என்று சொல்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு சேகரிப்பாளர், அந்த நாட்டு உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டு ஒன்றைத் தன் வீட்டு முற்றத்தில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அதற்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுத்தம் செய்தவர் அவர். 140 வருஷத்துக்கு மேல் பழைய அந்தக் குண்டு வெடித்தது, மனிதர் இறந்தார். ஒரு துண்டு கால் மைல் தள்ளியிருந்த வீட்டு முகப்பில் போய் விழுந்தது.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன? 2019 ஆகஸ்டில் திருப்போரூரை அடுத்த மானாம்பதியில், கோயில் குளத்தில் கிடைத்த ராணுவ வெடிபொருளை இன்னதென்று தெரியாமல் கையாண்டதில் வெடித்து, உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2018 ஜூனில், ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன. இலங்கைப் போராளிக் குழுக்களின் காலத்துச் சரக்கு. அந்த வீட்டில் யாரும் ஒன்றை எடுத்து ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. போலீசுக்குச் சொன்னார்கள், போலீஸ் வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறிவு என்றால் அது.

இனி சட்டம். குமாஸ்தாவாகக் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன் நான். 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி மட்டுமில்லை, அதன் தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது. தோட்டாவின் பாகங்களும் அந்த விளக்கத்துக்குள் வரும். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு மட்டும் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. வெற்று உறைக்கு நீங்கள் சொல்லக்கூடிய சமாதானம் அதுதான். மருந்துள்ள தோட்டாவுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

'தெரிந்து வைத்திருந்தாரா' என்று நீதிமன்றங்கள் கேட்பது உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில், பையின் மடிப்பில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு பிடிபட்டவர் 'எனக்குத் தெரியாது' என்று வாதாடலாம். கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்தவர் என்ன சொல்வார்? அந்த ஷோகேஸே அவருக்கு எதிரான சாட்சி.

நம்முடைய ஊரில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, நம் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தைத் தாண்டித்தான் நாம் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் போகிறோம். இந்த ஊரில் கணக்கில்லாத தோட்டா ஒன்று கண்ணில் பட்டால் போலீஸ்காரர் அதை அலங்காரமாகப் பார்க்க மாட்டார், பார்க்கவும் கூடாது.

அப்படியானால் நினைவுப் பொருளே வைக்கக் கூடாதா? வைக்கலாம். ஆனால் எல்லாரும் முதலில் தச்சரைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கும் பூட்டுக்கும் அளவு கொடுக்கிறார்கள். முதலில் வேண்டியது காகிதம். இது என்ன சாதனம், யார் எங்கிருந்து கொண்டு வந்தது, மருந்து இல்லை என்று பார்த்துச் சொன்னவர் யார், எந்தத் தேதி. இந்த நாலு வரியை எழுத முடிந்தால் பெட்டி செய்யுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தச் சாமான் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு நாம் போய்விடுவோம். பேரப்பிள்ளை அதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது, 'அப்பப்பா சொன்னார், வெறும் பித்தளை' என்ற வாய்ச்சொல் அவனைக் காப்பாற்றாது.

வைக்கத் தகுந்தது சுட்டு முடிந்த உறை மட்டும். அதன் அடிவட்டத்தின் நடுவில் ஊசி குத்திய குழி இருக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும். முனையில் ஈயமோ செம்போ பொருந்தி முழுதாக இருந்தால் மருந்து இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையால் பிடுங்கியோ துளைபோட்டோ மருந்தை எடுக்கப் பார்க்காதீர்கள். வெற்று உறை என்றாலும் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் காட்டி உறுதிசெய்து, அவர் சொன்னதை எழுதி வாங்குங்கள்.

பெட்டியைச் சுவரோடு திருகிப் பூட்டுங்கள். நம்முடைய உப்புக்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியே போதும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் மட்டும் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. காரணம் குதிரை மூத்திரத்தின் அம்மோனியா என்று 1921-ல்தான் விளங்கியது.

உரிமம் காலாவதியாகி மிச்சத் தோட்டா கையில் இருந்தால், அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமமே இல்லாமல் அப்பா காலத்திலிருந்து கிடப்பது என்றால், ஒரு வக்கீலைக் கலந்து எழுத்து மூலம் தெரிவியுங்கள். வயலிலோ கிணற்றிலோ குண்டு போல எது கிடைத்தாலும் தொடாதீர்கள், ஸ்கூட்டரில் வைத்து ஸ்டேஷனுக்கும் கொண்டு போகாதீர்கள். 112-க்குக் கூப்பிடுங்கள், அவர்கள் வரட்டும்.

பட்டாளத்தில் அப்பா பட்ட பாட்டுக்கு அவருடைய பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகமும் போதுமான சாட்சி. தோட்டாவைத்தான் வைப்பேன் என்றால், பக்கத்தில் அந்த நாலு வரியையும் எழுதி ஒட்டுங்கள்.