டவல் கம்பியை நம்பாதீங்க பாஸ்!

லீவுக்கு ஊருக்குப் போறப்போ பாட்டி வீட்டு பாத்ரூமை என்னைக்காவது செக் பண்ணியிருக்கீங்களா பாஸ்? நான் பண்ணதில்லை. கும்பகோணத்துல தனியா இருக்குற என் பாட்டிக்கு வயசு 78. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கினப்போ அவங்க பிடிச்சது டவல் கம்பியை. கம்பி கையோட வந்துடுச்சு! உள்பக்கம் தாழ்ப்பாள் வேற. பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைக்கவே அரை மணி நேரம். நல்லவேளை, மணிக்கட்டு எலும்போட போச்சு.

'சென்னைக்கு வந்துடும்மா'ன்னார் அப்பா. பாட்டி அசையலை. நம்ம இன்ஜினீயர் மூளை உடனே கேமரா, சென்சார்னு பறந்துச்சு. 'நான் குளிக்கறதைப் படம் புடிக்கப் போறியாடா?'ன்னு ஒரே போடு!

அப்புறம்தான் டிரில்லிங் மெஷினை எடுத்தேன். டவல் கம்பி துணியைத்தான் தாங்கும். ஆளைத் தாங்க, சுவத்துக்குள்ள ஆங்கர் போல்ட் இறக்கின கைப்பிடி வேணும். தாழ்ப்பாளுக்குப் பதிலா, அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்குற பூட்டு. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் நைட் லேம்ப். ராத்திரி சட்டுனு எழுந்தா பிரஷர் இறங்கித் தலை சுத்தலாம். அதனால ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுத்தான் எழணும்னு கண்டிஷன். முதியோர் ஹெல்ப்லைன் 14567, ஆம்புலன்ஸ் 108... ரெண்டையும் காலண்டர் பக்கத்துல பெருசா எழுதி ஒட்டியாச்சு.

நேத்து போன் பண்ணேன். புதுக் கைப்பிடியில பாட்டி டவல் காயப் போடுறாங்களாம்!