வைப்பர் ரப்பரை மாற்றுங்கள்

ஐப்பசி பிறக்கப் போகிறது. கார் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு வைப்பர் இன்னும் 'எஸ்ஸுயி-கிளாஸ்'தான். பெரும்பாலான கார்களில் அதன் மோட்டார் ஒரே திசையில்தான் சுற்றும். வார்ம் கியர் வேகத்தைக் குறைக்கும். கிராங்க் அந்தச் சுழற்சியை இங்குமங்கும் ஆடும் ஆட்டமாக மாற்றும். நாம் அணைத்தாலும் பாதியில் நிற்காது. மோட்டாரிலேயே உள்ள இன்னொரு சுவிட்ச், வைப்பர் கீழே வந்து படுக்கும்வரை மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். கையிலுள்ள ஃபைலை முடிக்காமல் எழாத குமாஸ்தா மாதிரி!

அவ்வளவு ஒழுங்கான மோட்டாரும், வெயிலில் வெடித்த ரப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? போன மழையில் கடலூர் சாலையில் சைக்கிளில் வந்தவர் கடைசி நொடியில்தான் என் கண்ணில் பட்டார். வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. குற்றம் என் சோம்பல்தான். மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.